புத்தகத்துக்குள் பூ வைக்காதீர்கள்

பழைய புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் அது தானாகவே ஒரு பக்கத்தில் திறந்துகொள்ளும். அங்கே எதுவும் இருக்காது. ஆனால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் ஒரே அளவில் பழுப்பு நிறச் செவ்வகம் ஒன்று பதிந்திருக்கும். எப்போதோ யாரோ செய்தித்தாளிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி ஆசையாக உள்ளே வைத்திருக்கிறார்கள். துணுக்கு எங்கோ விழுந்துவிட்டது, அதன் நிழல் மட்டும் தாளில் தங்கிவிட்டது.

செய்தித்தாள், மரத்தை அரைத்து எடுத்த கூழில் செய்யப்படுவது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் அந்தக் கூழிலும் தங்கிவிடும். காற்றும் வெளிச்சமும் பட்டால் லிக்னின் பழுப்பாகும், அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் துணுக்கோடு நிற்காது. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல தாளுக்குள்ளும் இறங்கும். சில ஆண்டுகளில் நிறம் மாறும், பல ஆண்டுகளில் அந்த இடம் நொறுங்கவே தொடங்கும். வீட்டில் வைத்து இந்தக் கறையை எடுக்க வழியில்லை. வெளுக்கும் திரவம் எதையாவது தடவினால் கறையோடு தாளும் போய்விடும்.

அலமாரிப் புத்தகங்களைப் பாழாக்குவது பூச்சியும் ஈரமும்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். சேதமான புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பல யாரோ பாசத்தோடு செய்த காரியத்தால் கெட்டவை. கிழியக்கூடாது என்று ஒட்டிய டேப், அழுக்காகக்கூடாது என்று போட்ட லேமினேஷன், நினைவாக வைத்த பூ. புத்தகமும் நினைவுப் பொருளும் ஒரே அலமாரியில் குடியிருக்கலாம், ஒரே பாயில் படுக்கக்கூடாது.

உள்ளே வைப்பவை

பூவிலிருந்து தொடங்கலாம். வாடிய பூ போலத் தெரிந்தாலும் அதில் ஈரம் இருக்கும், சர்க்கரை இருக்கும், நிறமி இருக்கும். மூன்றும் தாளில் இறங்கும். காம்பு தடித்திருந்தால் முன்னும் பின்னும் இருபது முப்பது பக்கங்களில் அதன் மேடு பதியும். பூவைப் பதப்படுத்த ஆசையென்றால் புத்தகத்துக்கு வெளியே செய்யுங்கள். இரண்டு மைஒற்றும் தாள்களுக்கு நடுவே பூவை விரித்து, மேலே சமமான பலகை, அதன்மேல் நாலைந்து கிலோ எடை. முதல் வாரம் தினமும் ஒற்றுத்தாளை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால்தான் பூ கறுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் சருகாக, தொட்டால் சரசரக்கும் பதத்துக்கு வரும். அதன் பிறகும் அதன் இடம் மடித்த தாளுறைதான், புத்தகத்தின் நடுப்பக்கம் இல்லை.

மயிலிறகு குட்டி போடாது. ஆனால் இறகின் புரதத்தைத் தின்ன வரும் வண்டு போடும். இறகு, முடி, பட்டுத் துணித் துண்டு இவையெல்லாம் ஒரே இனம். தனியாக மூடிய டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை அடியில் பொடி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜெம் கிளிப்பும் குண்டூசியும் துருப்பிடிக்கும். துரு தாளோடு ஒட்டிக்கொண்ட கிளிப்பை இழுத்தால் தாளும் சேர்ந்து வரும். கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்றாக மெல்லிய பாலியெஸ்டர் பிலிம் துண்டுகளை நுழைத்து, நீளமான வளையத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சின்ன வளையத்தை மேலே தூக்கிவிட வேண்டும். வழுக்கி எடுப்பது தவறு, திறந்து எடுப்பதுதான் சரி. ரப்பர் பேண்டு முதலில் தார் போல இளகி ஒட்டும், பிறகு கண்ணாடி போல இறுகி உடையும். இறுகிய பிறகு மொட்டைக் கத்தியால் நெம்பினால் சில்லுசில்லாக வந்துவிடும், கறை மட்டும் நிற்கும். மஞ்சள் நிற ஒட்டுச்சீட்டு ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். உடனே உரித்தாலும் கண்ணுக்குத் தெரியாத பசைப் படலம் தாளில் தங்கும். தூசி அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும்.

பயணச்சீட்டு, சினிமா டிக்கெட், ரசீது இவற்றுக்கு வேறு சிக்கல். இன்றைய சீட்டுகளில் பெரும்பாலானவை வெப்ப அச்சுத் தாள். அதில் மை இல்லை. தாளின் மேலுள்ள பூச்சு சூட்டில் கறுப்பாகிறது, அவ்வளவுதான். ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். எழுத்து சில ஆண்டுகளில் மங்கிப்போகும், மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம். வாங்கிய வாரமே ஸ்கேன் செய்து, நல்ல தாளில் ஒரு பிரதி எடுத்து வைப்பதுதான் ஒரே வழி. லேமினேஷன் கடைசித் தவறு: இயந்திரத்தின் சூடு சீட்டு முழுவதையும் கறுப்பாக்கிவிடும்.

கடிதங்கள் அமிலம் இல்லாத தாளாகவே இருந்தாலும் புத்தகத்துக்குள் வேண்டாம். இருநூறு பக்கப் புத்தகத்தில் பத்துக் கடிதம் செருகினால் அட்டை மூடாது. முதுகும் அட்டையும் சேரும் மடிப்பு, புத்தகம் எப்போதும் பாதி திறந்திருப்பது போன்ற இழுப்பிலேயே இருக்கும். ஒருநாள் அங்கேதான் கிழியும்.

எடுத்தால் நினைவு போய்விடுமே?

நியாயமான கேள்வி. எந்தக் கவிதைக்கு எதிரே அந்தக் கடிதம் இருந்தது என்பதும் நினைவின் பகுதிதான். அதனால் எடுப்பதற்கு முன் இருக்கிற இடத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அமிலமற்ற தாளில் ஓர் உறை. உறையின் மேல் பென்சிலால் புத்தகத்தின் பெயர், எந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே இருந்தது, எந்தப் பக்கம் மேலே பார்த்திருந்தது, எடுத்த தேதி, ஒரு வரிசை எண். பொருளை உள்ளே போடும் முன்பே எழுதிவிட வேண்டும். போட்ட பிறகு எழுதினால் எழுத்தின் அழுத்தம் உள்ளே இருக்கும் தாளில் பதியும். புத்தகத்தில் அதே இடத்தில் மூன்று சென்டிமீட்டர் அகலத் தாள் நறுக்கு ஒன்று: “இங்கே ஒரு கடிதம் இருந்தது, உறை 14” என்று. நறுக்கின் தலை வெளியே ஒரு விரற்கடை தெரியட்டும்.

கடையில் கிடைக்கும் சாதாரண உறையில் நடுமுதுகில் பசைத் தையல் ஓடும். அந்தப் பசை உள்ளே இருக்கும் தாளில் கோடு விழச் செய்யும். அதனால் நான்கு பக்கமும் மடியும் உறையை நாமே வெட்டிக்கொள்வது மேல். நடுவில் பொருளைவிட ஐந்து மில்லிமீட்டர் பெரிதாக ஒரு செவ்வகம், நான்கு பக்கமும் மடிப்பு இதழ்கள். பசையே வேண்டாம். கடிதங்களை மடிப்பு நீக்கி விரித்து வையுங்கள். தாள் முதலில் உடைவது மடிப்பில்தான். செய்தித்தாள் துணுக்கைத் தனி உறையில் போட்டுவிட்டு, அதன் நகலை நிலைத்த தாளில் எடுத்தால் அந்த நகல் புத்தகத்துக்குள்ளேயே இருக்கலாம், குற்றமில்லை.

எது நிலைத்த தாள்? ஐஎஸ்ஓ 9706 என்ற தரக்குறி போட்ட தாள். 1994இல் வந்த தரம் அது. தாளின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.5க்கும் 10க்கும் இடையே இருக்க வேண்டும், பின்னால் சேரும் அமிலத்தைச் சமன்செய்யக் குறைந்தது 2 சதவீதக் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரம் உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. வட்டத்துக்குள் முடிவிலிக் குறி போட்டிருந்தால் இந்த வகைத் தாள் என்று அர்த்தம். பிளாஸ்டிக் உறை வாங்குவதானால் பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் மூன்றில் ஒன்று. புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் அது பிவிசி, வேண்டாம்.

புகைப்படத்துக்கும் இதே விதிதான். பக்கத்தில் பசைக் கோடுகளும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஒட்டு ஆல்பத்தில் படங்கள் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். நாளாக ஆகப் பசை இறுகும். வராத படத்தின் அடியில் மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை நுழைத்து, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஓரத்தைப் பிடித்து வளைத்து உரித்தால் படத்தின் மேல்பூச்சு விரிசல்விடும். அலமாரியில் சட்டமிட்டு நிற்கும் படமும் கண்ணாடியை நேராகத் தொடக்கூடாது. ஈரப்பதம் ஏறும்போது படத்தின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு அட்டைச் சட்டம் போதும்.

புத்தகங்களுக்கு முன்னால் அடுக்கும் சின்னப் பொருள்களிலும் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது. ஓக் மரமும் துகள் பலகையும் அசிட்டிக் அமில ஆவியை மெல்ல மெல்ல வெளியிடும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி என்றால் அது உள்ளேயே தங்கும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியின் மேல் வெள்ளைப் பொடி பூத்தால் அது கடல் உப்பு இல்லை, சிப்பியின் சுண்ணாம்பு அமில ஆவியோடு சேர்ந்து அரிபடுவது. காரீய பொம்மையும் அப்படியே வெளுக்கும். பலகை எதுவானாலும் இந்தப் பொருள்களுக்கு அடியில் பாலியெஸ்டர் பிலிம் விரித்து, கதவை அவ்வப்போது திறந்து வைப்பது உதவும். நாணயத்தை பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு வரும். பழைய பிலிம் நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும், உடனே தனியே வையுங்கள். பூந்தொட்டிக்குப் புத்தக அலமாரியில் இடமே இல்லை. இதில் எனக்குப் பேரம் கிடையாது.

கையெழுத்தும் தாளும்

ஆசிரியரிடம் கையொப்பம் வாங்குகிறவர்கள் பேனாவைப் பற்றி யோசிப்பதே இல்லை. சாயம் கரைத்த மைப்பேனா எழுத்து வெளிச்சத்தில் மங்கும், ஈரம் பட்டால் ஓடும். ஸ்கெட்ச் பேனா மறுபக்கத்துக்கு ஊறும். நிறமி மை நிரப்பிய மெல்லிய முனைப் பேனாதான் பாதுகாப்பானது, உறையிலேயே எழுதியிருப்பார்கள். எழுதியவுடன் மூடாமல் ஒரு நிமிடம் காயவிட்டால் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழாது. நாமே எழுதும் குறிப்புக்கு 2பி பென்சில் போதும், அழுத்தாமல்.

சில காலத்துப் புத்தகங்கள் மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகப் பழுக்கின்றன என்பதற்கும் விடை இருக்கிறது. கந்தல் துணியில் தாள் செய்த காலத்துப் புத்தகங்கள் பல இன்றும் வெளுப்பாக, வளைந்துகொடுக்கும் தாளோடு இருக்கின்றன. 1807இல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர், மை ஊறாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறையை வெளியிட்டார். அந்தப் படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்குகிறது. 1844இல் கெல்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்ததும் தாள் மலிவானது, ஆயுளும் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை வந்த மலிவுப் பதிப்புகள்தான் அதனால் அதிகம் நொறுங்குகின்றன. பழைய புத்தக வாசத்தில் லேசாக வனிலா நெடி இருப்பதும் லிக்னின் சிதைவதால்தான். மூக்குக்கு இனிப்பது தாளுக்குச் சாவு மணி.

டேப்பும் பசையும்

ஒளி ஊடுருவும் டேப்பை 1930இல் ரிச்சர்ட் ட்ரூ உருவாக்கினார். அன்றிலிருந்து நூல் பராமரிப்பாளர்களுக்கு வேலைப் பஞ்சமே இல்லை. டேப்பின் பசை முதலில் இளகித் தாளின் நாருக்குள் இறங்கும், அப்போது எழுத்து எண்ணெய்க் காகிதத்தில் தெரிவது போலத் தெரியும். அடுத்த கட்டத்தில் மஞ்சளாகிப் பழுப்பாகும். கடைசியில் மேலே இருந்த பிளாஸ்டிக் காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். கிழிசல் பழையபடி கிழிசலாக, கூடவே ஒரு பழுப்புப் பட்டையோடு நிற்கும். புது டேப் என்றால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் காட்டி, டேப்பைத் தன்மேலேயே மடித்தவாறு தாளுக்கு இணையாக மெதுவாக இழுத்து எடுக்கலாம். நேராக மேலே தூக்கினால் தாளின் தோல் உரியும். மீதிப் பசையைப் பதப்படுத்தாத கிரேப் ரப்பர்த் துண்டால் உருட்டி எடுக்கலாம். கரைப்பான் திரவங்களை நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள்.

கிழிந்த தாளுக்கு ஏற்றது கோதுமை மாச்சத்துப் பசையும் ஜப்பானிய நார்த்தாளும். பிற்காலத்தில் ஈரம் காட்டினால் இந்தப் பசை விட்டுக்கொடுத்துவிடும், இதன் பெரிய நன்மை அதுதான். மைதா வேறு, மாச்சத்து வேறு. மைதாவில் இருக்கும் பசைப்புரதம் பழுக்கும், பூச்சியையும் அழைக்கும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையும் வேண்டாம். தாமிர உப்பு தாளின் சிதைவை வேகப்படுத்தும்.

ஒரு பங்கு மாச்சத்துக்கு ஐந்து பங்கு சுத்தமான நீர், அளவுக் கரண்டியால். அரைமணி ஊறட்டும். பிறகு சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். சில நிமிடங்களில் கெட்டியானதும் வேலை முடிந்தது என்று இறக்கிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. வேகாத பசை ஒட்டாது, காய்ந்ததும் பொடியாக உதிரும். இருபது முதல் முப்பது நிமிடம் கிளறினால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போன்ற மினுமினுப்பு வரும், கரண்டியிலிருந்து நாடாவாக வழியும். ஆறிய பிறகு நெருக்கமான சல்லடையில் இரண்டு மூன்று முறை தேய்த்து, கஞ்சிப் பதத்துக்கு நீர் சேர்த்துக்கொள்ளலாம். குளிர்பெட்டியில் வைத்தால் நீர் பிரிந்துவிடும். வெளியே மூடி வைத்தால் மூன்று நான்கு நாள் வரும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒட்டும் முன் கிழிசலை உற்றுப் பாருங்கள். தாள் நேர்கோட்டில் கிழிவதில்லை. விளிம்பில் வெள்ளையாக ஒரு சரிவு இருக்கும், ஓர் இடத்தில் மேல் தாளில், சற்றுத் தள்ளி அடித் தாளில். எந்தச் சரிவு எதன்மேல் உட்கார வேண்டும் என்பதை எழுத்தே சொல்லும். தப்பாக அமர்த்தினால் ஒரு ‘க’ இரண்டாகப் பிளந்து நிற்கும், வெள்ளைக் கோடும் தெரியும். அடுத்து மையைச் சோதிக்க வேண்டும். ஓரத்தில் ஓர் எழுத்தின் மேல் ஈரப் பஞ்சுக் குச்சியைத் தொட்டு எடுங்கள். நிறம் வந்தால் வீட்டு வேலை அங்கேயே நின்றது. வழவழப்பான ஆர்ட் தாளுக்கும் இந்த முறை ஆகாது, ஈரம் பட்டால் அதன் பூச்சே பெயர்ந்துவிடும்.

சோதனையில் தேறினால், சரிவுகளில் மட்டும் மெல்லிய தூரிகையால் பசை தொட்டுச் சேர்த்துவிடுங்கள். நார்த்தாளைக் கத்தரியால் வெட்டக்கூடாது. ஈரத் தூரிகையால் கோடு போட்டு இரு பக்கமும் இழுத்தால் ஓரத்தில் நார்கள் மீசை போல நீட்டிக்கொண்டு வரும். பிடிப்பு அந்த மீசையில்தான். ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் அகலம் போதும். பட்டையின் மேல் பசை தடவி, ஒரு முழு நிமிடம் பொறுத்து, சாமணத்தால் எடுத்துக் கிழிசல் மேல் படுக்க வைத்து, தாளின் விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் நீட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு நறுக்கிக்கொள்ளலாம். மேலும் கீழும் ஒட்டாத பாலியெஸ்டர் துணி, அதற்கு வெளியே ஒற்றுத்தாள், மேலே ஒரு கிலோ எடை. கால் மணி நேரத்தில் ஒற்றுத்தாளை மாற்றி, இரவு முழுக்க விடுங்கள். ஒற்றுத்தாளை மாற்றாவிட்டால் தாள் சுருங்கும், ஈரம் நின்ற எல்லையில் பழுப்புக் கோடும் விழும்.

கெட்டி அட்டைப் புத்தகம் தளதளவென்று ஆடினால் அட்டையைப் பிரிக்காமலேயே சரிசெய்யலாம். புத்தகத்தை நிறுத்தி வைத்து அட்டையைக் கொஞ்சம் விரித்தால், முதுகோரம் அட்டைக்கும் முன்தாளுக்கும் நடுவே குழாய் போல இடைவெளி தெரியும். மெல்லிய பின்னல் ஊசி முழுக்க அமிலமற்ற பிவிஏ என்ற வெள்ளைப் பசை பூசி, அந்தக் குழாயில் மேலிருந்து பாதி வரை நுழைத்து உருட்டி எடுங்கள். கீழிருந்தும் அதேபோல. முன்தாளின் மடிப்பில் மெழுகுத்தாள் வைத்து மூடி, இரு பக்க அட்டைப் பள்ளத்திலும் ஒவ்வொரு ஊசி வைத்து, மேலே எடை ஏற்றி மறுநாள் வரை தொடாதீர்கள். பசை கூடினால் முதுகுக்குள் வழிந்து புத்தகம் திறக்காது. அதனால் ஊசியில் ஈரம் தெரிந்தால் போதும், சொட்டக்கூடாது.

சாதா அட்டைப் புத்தகத்தில் பக்கம் கழன்று வருவதற்குக் காரணம் தையல் இல்லாமல் சூட்டுப் பசையில் கட்டியிருப்பது. அந்தப் பசை வயதாக ஆக விறைக்கும். புத்தகத்தை முழுசாக விரித்துக் கவிழ்த்தால் நடுவில் உடையும். ஒரு தாள் மட்டும் கழன்றிருந்தால், அதன் முதுகோரம் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி வேறு தாளால் மூடிக்கொண்டு பிவிஏ தடவி உள்ளே செருகலாம். தாராளமாக ஐந்து மில்லிமீட்டர் தடவினால் அந்தப் பக்கம் விரியாது. அடுத்த முறை பசைக் கோட்டை ஒட்டியே மறுபடி கிழியும். பத்துப் பதினைந்து தாள் கழன்றால் ஒவ்வொன்றாக ஒட்டுவது வீண் வேலை, பைண்டரிடம் கொடுத்து முதுகை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். ஓரத்தைப் பார்த்து வெட்டச் சொல்லாதீர்கள். ஓரக் குறிப்பெல்லாம் அதோடு போய்விடும்.

தோல் அட்டை சிவப்புப் பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் தடவும் ஆசை வரும். தடவினால் தோல் கறுத்துப் பிசுபிசுக்கும், உதிர்வது நிற்காது. தாளுறை சுற்றி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலமாரி

ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் 25 முதல் 35 கிலோ வரை எடை வரும். படங்கள் நிறைந்த ஆர்ட் தாள் புத்தகங்கள் இன்னும் கூடும். 18 மில்லிமீட்டர் துகள் பலகை 75 சென்டிமீட்டருக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீண்டால் நடுவில் தொய்யும். பலகை தொய்ந்தால் புத்தகங்கள் உள்நோக்கிச் சாயும். சாய்ந்து நிற்கும் புத்தகத்தின் முதுகு ஓராண்டில் கோணிவிடும், நிமிர்த்த முடியாது. கீழ்த்தட்டு தரையிலிருந்து பத்து சென்டிமீட்டராவது உயரட்டும். பின்பக்கம் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும், வெளிச்சுவர் என்றால் இது கட்டாயம்.

எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்கிறோம். அட்டை முதலில் கிழிவது அங்கேதான். இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுமுதுகைப் பிடித்து எடுக்க வேண்டும். அப்படித் தள்ள முடியாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் தட்டில் ஒரு புத்தகம் அதிகம். பெரிய படப் புத்தகங்களை நிறுத்தினால் உள்தாள்கள் தம் எடையிலேயே முதுகை விட்டுக் கழலும். அவற்றைப் படுக்க வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நான்குக்கு மேல் போகாமல்.

அருங்காட்சியகங்கள் மென்மையான தாள்களுக்கு வைக்கும் வரம்பு 50 லக்ஸ் வெளிச்சம். சன்னலோர அலமாரிக்குப் பகலில் ஆயிரக்கணக்கில் விழும். சிவப்பும் ஊதாவும் முதலில் போகும். வெளுத்தது திரும்பாது. புத்தகத்தின் மேலுறையை பாலியெஸ்டர் பிலிமில் மடித்துப் போடலாம், அட்டையோடு ஒட்டக்கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. தூசி தட்டும்போது புத்தகத்தை இறுக்க மூடிப் பிடித்து, முதுகிலிருந்து வெளியோரம் நோக்கி மென்மையான தூரிகையால் தள்ள வேண்டும். ஈரத்துணி தூசியைச் சேறாக்கித் தாளுக்குள் தள்ளும். கையுறையும் தேவையில்லை, கழுவிக் காய்ந்த கைதான் தாளுக்கு நல்லது. புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை.

ஈரமும் பூச்சியும்

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பது வசதியான அளவு. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். மலிவான ஈரமானிகள் ஐந்து சதவீதம் வரை முன்பின் காட்டும். சோதித்துவிடுங்கள். ஒரு மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சேறாகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, ஈரமானியோடு ஒரே பையில் காற்றுப் போகாமல் மூடி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் கருவி நான்கு கூட்டிச் சொல்கிறது என்று ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு முழுக்கக் கரைந்து தெளிவாக நின்றால் சோதனை செல்லாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும், திறந்த தட்டில் போட்டால் அது அறை முழுவதையும் உலர்த்தப் பார்த்துச் சில மணி நேரத்தில் களைத்துவிடும்.

செல்லரித்த ஏடு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். செல் என்றால் கரையான். எல்லா ஓட்டையும் அதன் வேலை இல்லை. அட்டையின் மேல்தோல் சுரண்டியது போல ஒழுங்கில்லாமல் மெலிந்திருந்தால் ராமபாணப் பூச்சி. ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளிர் நிறத்தில் ஊரும் பூச்சி புத்தகப் பேன், அது கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையைத் தின்ன வருவது. பூச்சியைக் கொல்வதைவிட ஈரத்தைக் குறைப்பதுதான் அதற்கு மருந்து. பக்கங்களைத் துளைத்துச் செல்லும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளை வண்டின் புழு. துளை பழையதா புதியதா என்று தெரிய, புத்தகத்தை வெள்ளைத் தாள் மேல் தட்டிச் சுத்தம் செய்து, அதே தாள் மேல் ஒரு வாரம் வையுங்கள். பொடி மறுபடி விழுந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது.

அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி மூச்சுக்கு நல்லதில்லை, சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கும். புத்தகத்தை பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, ஒட்டி மூடி, உறைபெட்டியில் கழித்தல் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே இரண்டு வாரம் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். எடுத்தவுடன் பையைத் திறப்பதுதான் ஆபத்து. குளிர்ந்த தாளின் மேல் காற்றின் ஈரம் வேர்த்துவிடும். ஒரு முழு நாள் பையோடு மேசை மேல் கிடக்கட்டும், வேர்வை பைக்கு வெளியே நிற்கும்.

நனைந்த புத்தகத்துக்கு இருக்கும் அவகாசம் 48 மணி நேரம். அதற்குப் பிறகு பூஞ்சை. 1966 நவம்பர் 4 அன்று ஃபிளாரன்ஸ் நகரை ஆர்னோ ஆறு மூழ்கடித்து, அங்கிருந்த தேசிய நூலகத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சேற்றில் கிடந்தபோதுதான் இந்தத் துறை பல முறைகளைப் பட்டுத் தெரிந்துகொண்டது. புத்தகத்தைத் தலைகீழாக, விசிறி போலக் கொஞ்சம் விரித்து நிறுத்தி, ஐம்பது பக்கத்துக்கு ஒரு ஒற்றுத்தாள் செருகி, காற்றாடியை அறையின் காற்று நகரும்படி வையுங்கள், நேரே புத்தகத்தின் மேல் வேண்டாம். வெயிலும் முடி உலர்த்தியும் கூடாது, தாள் அலை அலையாக முறுக்கிக்கொள்ளும். ஆர்ட் தாள் என்றால் காயவிடவே கூடாது. காய்ந்துகொண்டே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். அதை ஈரத்தோடே பையில் போட்டு உறையவைத்து, உறைநிலையில் உலர்த்தும் வசதி உள்ளவர்களிடம் கொடுக்கலாம். பல புத்தகங்கள் ஒரே நேரத்தில் நனைந்தாலும் இதே உத்திதான். உறையவைத்தால் அவகாசம் கிடைக்கும், ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

கையொப்பமிட்ட பிரதி, முதல் பதிப்பு, வேறு யாரிடமும் இல்லாத புத்தகம் என்றால் மேலே சொன்ன எந்தப் பழுதுபார்ப்பும் வேண்டாம். அட்டை கழன்றிருந்தாலும் கழன்றபடியே ஒரு பெட்டியில். புத்தகத்தின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் ஒரே இடத்தில் அளக்காமல் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவோடு இரண்டு மில்லிமீட்டர் கூட்டி, அமிலமற்ற அட்டையில் நான்கு இதழாக வெட்டி மடித்தால் போதும். பெட்டிக்கு நேரமில்லாவிட்டால் இரண்டு விரல் அகலப் பருத்தி நாடாவால் சுற்றி, முடிச்சை முதுகின் மேலோ அட்டையின் மேலோ போடாமல் பக்கங்கள் திறக்கும் வெளியோரத்தில் போடுங்கள். அங்கேதான் அழுத்தித் தழும்பு விழாது.